ரயில் வரும்வரை காத்திருந்த பாடம்

போன மாதம் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். ஐம்பத்தைந்து வயதில் நானாகக் கேட்டு வாங்கிய ஓய்வு. மாலை போட்டு மேடையில் உட்கார வைத்துப் பேசச் சொன்னார்கள். நான் எழுந்து கும்பிட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கப் பழகினேனே தவிர மேடை எனக்கு வரவேயில்லை.

விருந்துக்குப் பிறகு கீதா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பேச்சுலருந்து தப்பிச்சிட்டீங்க டீச்சர். எழுத்துல விட மாட்டோம். பள்ளிக்கூட சஞ்சிகைக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க."

"என்னத்த எழுதுறது?"

"மேற்பார்வைக்கு ஆள் வந்தப்ப எப்படி சமாளிச்சீங்கன்னு எழுதுங்க. எனக்கு அடுத்த மாசம் வர்றாங்க. இப்பவே கையெல்லாம் நடுங்குது."

கீதா என்னிடம் தரம் பத்தில் புவியியல் படித்தவள். இப்போது அதே பள்ளியில் ஆசிரியை. பட்டம் முடித்துவிட்டு, இடைநிலை ஆசிரியருக்கு வேண்டிய பட்டப்பின் கல்வி டிப்ளோமா படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு விரிவுரை கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. சிக்னல் கிடைக்காத நாளில் மட்டும் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி உட்கார்ந்து கேட்கிறாள். ஆனால் வகுப்பின் பின்வரிசையில் ஒருவர் கோப்போடு வந்து உட்காரும் நாள் மட்டும் இன்னும் மாறவில்லை. அந்த நாளைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

நான் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேட்டு லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா கான் வெட்டினார். மலைச்சரிவில் மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கக் குறுக்கே வெட்டும் வாய்க்காலைத்தான் எங்கள் தோட்டங்களில் கான் என்பார்கள். உயர்தரப் பரீட்சையில் எனக்குக் கிடைத்த பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. அந்தச் சமயத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுத்தார்கள். நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே சின்ன வகுப்புகளுக்கு நியமனம் கிடைத்தது. பிறகு இரண்டு வருடம் பயிற்சிக் கலாசாலை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய் வெளிவாரிப் பட்டம். மற்றவர்கள் எடுத்ததைப்போல இரண்டு மடங்கு காலம் எனக்கு எடுத்தது. ஒரு பாடத்தில் விழுந்து எழுந்து, அடுத்த பாடத்தில் விழுந்து எழுந்து, எப்படியோ முடித்தேன்.

இதற்குள் எங்கள் பள்ளிக்கூடம் தரம் பதினொன்று வரைக்கும் வளர்ந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர்கள் குளிர் தாங்காமல் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். தரம் பத்துக்குப் புவியியல் எடுக்க ஆள் இல்லாததால் பள்ளி அதிபர் என்னை அந்த வகுப்புக்கு அனுப்பினார். அனுப்பும்போதே சொன்னார்: "இது தற்காலிகம் டீச்சர். டிப்ளோமா முடிச்சாத்தான் இந்த வகுப்பு உங்களுக்கு நிரந்தரம். இல்லாட்டி பழையபடி தரம் ரெண்டுதான்."

தரம் இரண்டு கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நான் இருந்த லயத்திலிருந்து அதுவரை ஒருவரும் பட்டதாரி ஆசிரியர் ஆனதில்லை. அதை நான்தான் செய்ய வேண்டும் என்ற ஆசை உள்ளுக்குள் இருந்தது. வெளியே சொல்லவில்லை. வெளியே எதையுமே சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்துத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தொழிற்சங்கத்துக்குத் தலைவராக இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் தலைவர் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் ஓடும் அறையில் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். அந்த இயந்திர இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. அதனால் தனக்குக் கேட்கும் அளவுக்கு எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "என்னா வகுப்பு படிக்கிற?" என்று கேட்பார். நான் சொல்லுவேன். அவருக்கு அது கேட்காது. அப்படியே எனக்கு ஊமச்சி என்று பெயர் வைத்துவிட்டார்.

நியமனம் கிடைத்தபோது, மலைத் தண்ணீர் குழாயில் வந்து விழும் பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "இந்த ஊமச்சியா படிச்சுக் குடுக்கப் போறா? புள்ளைங்க பாவம்டா." பட்டம் கிடைத்தபோது, "பட்டம் வாங்கிட்டாளாம். வாய் வாங்கினாளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சொன்னவர்தான் தன் பேத்தி சுகன்யாவை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் என் வகுப்பில் விட்டார். அவருக்கு ஒரு நாள் அந்த டிப்ளோமாச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன்.

டிப்ளோமாவின் எழுத்துப் பரீட்சைகள் எனக்குப் பயமாக இல்லை. பயமெல்லாம் கற்பித்தல் பயிற்சியில்தான். டிப்ளோமா நடத்தும் நிலையத்திலிருந்து விரிவுரையாளர் ஒருவர் மூன்று தடவை நம் வகுப்புக்கு வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். முதல் இரண்டும் திருத்திக்கொள்ள. மூன்றாவதுக்குத்தான் புள்ளி. அதில் தவறினால் அடுத்த அணியோடு சேர்ந்து மறுபடியும் செய்ய வேண்டும்.

எனக்கு வந்தவர் சிவபாக்கியம் மேடம். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உடம்பு, வெள்ளை முடி, கறுப்புக் குடை. வந்தவுடன் வணக்கம் சொல்வார், அதற்குப் பிறகு பாடம் முடியும்வரை வாய் திறக்க மாட்டார். பின்வரிசையில் கதவோரக் கதிரையில் உட்காருவார். பாடத்திட்டத்தின் பிரதி அவருடைய மேசையில் இருக்க வேண்டும். எந்தப் படி எப்போது தொடங்குகிறது, ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர் என்ன செய்கிறார் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்க வேண்டும். அவர் பேனாவின் பின்முனையை அந்தக் கட்டங்களின் மேல் வைத்து ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வருவார். நாம் ஒரு கட்டத்திலேயே நின்றுவிட்டால் பேனாவும் அங்கேயே நிற்கும்.

முதல் பாடம் காற்றுகள் பற்றியது. முடிந்ததும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு என்னை எதிரில் உட்கார வைத்தார்.

"உங்கடை சீலையின்ரை பின்பக்கக் கொசுவம் நல்ல வடிவா இருக்குது" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. நன்றி என்றேன்.

"பாடம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான். நீங்கள் கரும்பலகைக்குப் படிப்பிச்சனீங்கள். பிள்ளையளும் அறைக்குள்ளை இருந்தவை."

எனக்கு முகம் எரிந்தது. அவர் நிறுத்தவில்லை.

"இன்னொண்டு. கேள்வியைக் கேக்கிறியள், உடனை நீங்களே பதிலையும் சொல்லுறியள். அப்ப பிள்ளையளுக்கு என்னத்துக்குப் பள்ளிக்கூடம்? கேட்டால் காத்திருங்கோ. ஒருத்தரும் வாய் திறக்காட்டிலும் காத்திருங்கோ. காத்திருக்கிறதும் படிப்பிக்கிறதுதான்."

வீட்டுக்குப் போய் அழுதேன். அழுது முடிந்ததும் யோசித்தேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை மறந்துவிடும், அதனால் பலகையைப் பார்த்துப் பேசினேன். அமைதியாக இருந்தால் எனக்குத் தெரியாது என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் பதிலை நானே சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து சுண்ணக்கட்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். எழுதும் வேலை அவர்களுக்கு. பலகைப் பக்கம் போக எனக்குக் காரணமே இல்லாமல் செய்துகொண்டேன். கேள்வி கேட்டுவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முதல் நாட்களில் அந்த மௌனம் தாங்க முடியாமல் இருக்கும். பிறகு பழகியது. பின்வரிசையில் ஒருநாளும் பேசாத பிள்ளைகள்தான் கடைசியில் வாய் திறப்பார்கள் என்பதை அப்படித்தான் கண்டுகொண்டேன். அவர்களும் என்னைப்போலத்தான்.

இரண்டாவது முறை மேடம் வந்தபோது பாடம் முடியும் முன்னால் மணி அடித்துவிட்டது. "பிள்ளையளின்ரை பக்கம் திரும்பியிட்டியள், நல்லது" என்றார். "நேரத்தைப் பாருங்கோ" என்றும் சொன்னார்.

மூன்றாவது பாடத்துக்குச் சமவுயரக் கோடுகளை எடுத்துக்கொண்டேன். மலையின் உயரத்தைத் தாளில் வளைகோடாகக் காட்டும் முறை. புத்தகத்தைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு வெங்காயம் அரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதனால் பீலிக் கரையில் களிமண் எடுத்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தெரியும் மலையை ஒரு பெரிய பேசினுக்குள் செய்தேன். ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சாய்வு, உச்சியில் எங்கள் மயானம். பேசினில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தொடும் விளிம்பில் பிள்ளைகள் ஈர்க்குக் குச்சியால் கோடு கீற வேண்டும். கடைசியில் தண்ணீரை வடித்துவிட்டு மேலேயிருந்து பார்த்தால் கோடுகள் தெரியும். ஆளுக்கொரு ஈர்க்கு கொண்டுவரச் சொல்லி ஒரு வாரமாகவே வகுப்பில் பேச்சு. "யாரு மொத தண்ணி ஊத்துறது?" என்று சண்டையும் நடந்தது.

அந்தப் பாடத்துக்கு முதல் நாள் பின்னேரம் தலைவர் இறந்துபோனார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு சாவு என்றால் பிணம் எடுக்கும்வரை மலையில் யாரும் வேலைக்கு இறங்க மாட்டார்கள். பக்கத்து லயங்களில் அடுப்பு எரியாது. பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகள் வர மாட்டார்கள். சாவு வீட்டுக்குப் போனவர்கள் குளிக்காமல் வேறு எங்கேயும் கால் வைக்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, பிறந்ததிலிருந்தே தெரியும். இறந்தது தலைவர் என்பதால் தோட்டம் முழுவதும் அங்கேதான் இருந்தது. என்னுடைய தரம் பத்து முழுவதும்தான்.

காலையில் நானும் போனேன். தலைவருடைய மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். என்னைக் கண்டதும் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுகன்யா தாத்தாவின் தலைமாட்டில் இருந்தாள். வாசலில் ஆண்கள் பேசிக்கொண்டார்கள்.

"மகன் கொழும்புலருந்து வந்தாத்தான் எடுக்கறது."

"எந்த ரயிலு?"

"காலையில ஏறிட்டானாம். வட்டகொடைக்கு எப்ப வந்து சேருமோ. மழையில எங்கயாவது மண்ணு சரிஞ்சிருந்தா அதுவும் சந்தேகந்தான்."

இன்றைக்கு எனக்குப் பரீட்சை என்று அங்கே நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சாவு வீட்டில் அதை எப்படிச் சொல்வது. எழுந்து வந்து பீலியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, எடுத்து வைத்திருந்த நீலச் சீலையைக் கட்டிக்கொண்டு, களிமண் மலையை ஈரச் சாக்கால் மூடித் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அதிபர் வாசலிலேயே நின்றார். நிலையத்துக்கு போன் பண்ணிப் பார்த்தாராம், மேடம் அதற்குள் பஸ் ஏறிவிட்டாராம்.

"ஆத்துக்கு அந்தாண்ட தோட்டத்துப் புள்ளைங்க வந்திருக்காங்க டீச்சர். எல்லாம் தரம் எட்டு. அவங்கள கூட்டிட்டு வந்து உங்க வகுப்புல ஒக்கார வைப்போம். ஒரு பாடந்தானே. அந்தம்மாவுக்கு மூஞ்சி ஞாபகம் இருக்கவா போவுது?"

"பேர் கூப்பிடணும் சார்."

"கூப்பிடுங்க. அவங்க 'ஆம் டீச்சர்'னு சொல்லுவாங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். வேறொருவருடைய பெயருக்கு எழுந்து நின்று பதில் சொல்லும்படி ஒரு பிள்ளையிடம் சொல்ல வேண்டும். சுகன்யா என்று கூப்பிட்டால் இன்னொரு பிள்ளை எழுந்திருக்க வேண்டும், தாத்தா அங்கே கிடக்கும்போது. அந்த வார்த்தைகள் என் வாயில் வராது என்று எனக்குத் தெரியும்.

"என்னால ஏலாது சார்" என்றேன்.

"அப்ப உங்க இஷ்டம்" என்று உள்ளே போய்விட்டார். அவருக்கும் நான் தேற வேண்டும் என்ற ஆசைதான்.

மேடம் வந்தபோது வகுப்பில் கதிரைகளும் நானும் பேசினும்தான் இருந்தோம். அவர் குடையை மடக்கிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். மலைப் பக்கத்திலிருந்து சாவு மேளமான தப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எங்கை பிள்ளையள்?"

சொன்னேன். யார் இறந்தது, ஏன் பிள்ளைகள் வரவில்லை, எல்லாம் சொன்னேன். அவர் கோப்பைத் திறக்காமல் நின்றுகொண்டே கேட்டார்.

"வகுப்பு இல்லாத பாடத்துக்குப் புள்ளி போட எனக்கு வழியில்லை. நடைபெறவில்லை எண்டுதான் எழுத வேணும். விளங்குதோ?"

விளங்கியது. அவர் பேனாவை எடுத்தார்.

அதுவரைக்கும் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கடையில் மிச்சக் காசு குறைந்தாலும் கேட்க மாட்டேன். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தாலும் மற்றவர்கள் மணி அடிக்கட்டும் என்று இருப்பேன். அன்றைக்கு அந்தப் பேனாவின் மூடி கழலும்போது என் வாய் தானாகத் திறந்தது.

"மேடம், கொஞ்சம் இருக்க முடியுமா?"

"என்ன? கேக்கேல்லை."

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "பொணம் எடுக்கிற வரைக்கும் இருக்க முடியுமா மேடம்? எடுத்ததும் புள்ளைங்க வருவாங்க."

"எத்தினை மணிக்கு எடுப்பினம்?"

"தெரியாது மேடம். ரயில் வரணும்."

"ரயிலோ?"

மகன் வரும் கதையைச் சொன்னேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"பிள்ளையளிட்டை வரச்சொல்லி வைச்சனீங்களோ?"

"இல்ல மேடம். அங்க போய் அத எப்படிக் கேக்கறது?"

"அப்ப வருவினம் எண்டு உங்களுக்கு என்னண்டு தெரியும்?"

ஈர்க்கைப் பற்றிச் சொல்லவா? முதலில் தண்ணீர் ஊற்ற நடந்த சண்டையைச் சொல்லவா? "வருவாங்க" என்று மட்டும் மறுபடி சொன்னேன். வேறு எந்த ஆதாரமும் இல்லாமல் நான் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

மேடம் பேனாவை மூடினார். கதவோரக் கதிரையில் உட்கார்ந்தார்.

"கடைசி பஸ்ஸுக்கு நான் போக வேணும். அதுவரைக்கும் இருக்கிறன். காத்திருக்கச் சொல்லி உங்களுக்குச் சொன்னது நான்தானே" என்றார். சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் காலை நகரவேயில்லை. அவர் வேறு யாருடைய விடைத்தாள்களையோ திருத்திக்கொண்டிருந்தார். நான் அதிபர் அறையிலிருந்து பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தேன். மழை விட்டு வெயில் அடித்தது. யன்னல் வழியாக வெயில் நேராகப் பேசின் மேல் விழுந்தது. களிமண் காயத் தொடங்கியது. செங்குத்துப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. நான் விரலால் தண்ணீர் தொட்டுத் தொட்டு அதைப் பூசினேன். இன்னொரு பக்கம் வெடித்தது.

"வெயிலுக்குள்ளை வைச்சுக்கொண்டு தண்ணி தெளிச்சு என்ன பிரயோசனம்?" என்று மேடம் எழுந்து வந்தார். "அந்தப் பக்கம் பிடியுங்கோ." இரண்டு பேருமாகப் பேசினைத் தூக்கி நிழலில் வைத்தோம். அவர் தன் கைலேஞ்சித் துணியை நனைத்து மலையின் உச்சியில் போட்டுவிட்டுப் பழையபடி போய் உட்கார்ந்தார்.

மதியம் தாண்டிய பிறகுதான் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ரயில் ஊதுவது கேட்டது. இரண்டு பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினோம்.

அதற்குப் பிறகும் வெகுநேரம். கடைசியில் தப்பின் அடி மாறியது. யன்னலில் போய் நின்றேன், மேடமும் வந்து நின்றார். லயத்திலிருந்து பாடை புறப்பட்டுத் தேயிலைக்கு நடுவே ஏறியது. முன்னால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு போனார்கள். மயானத்துக்கு நேராக ஏறும் குறுக்குப் பாதையை விட்டு, மலையைச் சுற்றிப் போகும் பாதையில் கூட்டம் மெதுவாக வளைந்து போனது. மேடம் கைகட்டி நின்றார். பிறகு மலை உச்சியில் தப்புச் சத்தம் நின்றது.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அதைப் பார்க்காதது போல இருந்தேன்.

முதலில் வந்தது பிரியா. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சீருடை இல்லை, பூப்போட்ட சட்டை. கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்:

"டீச்சர், கலர் சட்டையில வரலாமா? பீலியில ஒரே கூட்டம். குளிச்சதும் கைக்குக் கெடச்சதப் போட்டுக்கிட்டு ஓடியாந்தோம்."

அவளுக்குப் பின்னால் கணேசன், அப்பாவின் பெரிய சட்டைக்குள். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள், ஈரத் தலையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு. ஒவ்வொருவர் கையிலும் ஈர்க்கு. கொண்டுவர மறந்த ஒருத்தி வரும் வழியில் யாருடைய விளக்குமாற்றிலிருந்தோ உருவிக்கொண்டு வந்திருந்தாள். சுகன்யா வரவில்லை, அவள் வர முடியாது. அவளுடைய கதிரையில் யாரும் உட்காரவில்லை.

"தொடங்குங்கோ" என்றார் மேடம்.

பெயர் கூப்பிட்டேன். சுகன்யா பெயருக்கு வகுப்பு பேசாமல் இருந்தது. பாடத்தைத் தொடங்கினேன். கணேசன் முதல் தண்ணீரை ஊற்றினான், சண்டை இல்லாமல். சுற்றி நின்று தண்ணீர் தொட்ட விளிம்பில் கோடு கீறினார்கள். மறுபடி தண்ணீர், மறுபடி கோடு. வெடிப்பு ஒன்றில் தண்ணீர் புகுந்து ஒரு துண்டு களிமண் விழுந்தது. "மண் சரிவு டீச்சர்" என்றான் ஒருவன். சிரிப்பு வந்தது. அந்த நாளில் அவர்கள் சிரித்த முதல் சிரிப்பு. தண்ணீரை வடித்தோம். மேலேயிருந்து பார்த்த பிரியா சொன்னாள்: "இது கான் போற மாதிரியே இருக்கு டீச்சர். ஒரே மட்டத்துல மலையச் சுத்திப் போவுமே, அது." அவளைக் கூப்பிட்டுச் சுண்ணக்கட்டியைக் கொடுத்தேன். அவளே பலகையில் கீறினாள், செங்குத்துப் பக்கம் கோடுகள் நெருக்கமாக, சாய்வுப் பக்கம் விலகி.

பாடத்திட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தேன். ஒரு வாரத்துக்கு முன்னால் எழுதியது. பலகையிலிருந்த படத்தைக் காட்டிக் கேட்டேன்:

"கீழேருந்து உச்சிக்குப் போக ரெண்டு பாதை இருக்கு. ஒண்ணு கோடுங்களக் குறுக்க வெட்டி நேரா ஏறுது. இன்னொண்ணு கோட்டோட சுத்திப் போவுது. பாரம் தூக்கிட்டுப் போறவங்க எதுல போவாங்க? ஏன்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. வகுப்பு அசையவில்லை. ஈரத் தலைகள் குனிந்துகொண்டன. கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், பதிலை நானே சொல்லிவிட்டு முடிக்கலாம். பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளவும் எனக்கு ஆசையாக இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்த்தபடி நின்றேன்.

கணேசன்தான் எழுந்தான். பெரிய சட்டையின் கையை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"சுத்துப் பாதையில டீச்சர். தலைவர அதுலதான் கொண்டு போனோம். குறுக்குப் பாதையில கோடு கிட்டக் கிட்ட இருக்கு. அதுல போனா முன்னாடி தோள் குடுக்கறவங்க மேலயும் பின்னாடி இருக்கறவங்க கீழயுமா ஆயிருவாங்க. பாடை சரிஞ்சிரும். சுத்துப் பாதையில தூரம் ஜாஸ்தி, ஆனா மட்டமா போவும். அவருக்கு அலுங்காது."

பின்வரிசையில் பேனாவின் பின்முனை கடைசிக் கட்டத்தில் நின்றது. அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"சரி" என்றேன். அவன் உட்கார்ந்தான். அதற்கு மேல் அந்தப் பாடத்தில் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

பிள்ளைகள் போனதும் மேடம் கோப்பைக் கட்டினார். வெளியே அதிபர் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்தியிருந்தார், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பின்னூட்டம் பேச நேரமில்லை. வாசல்படியில் நின்று குடையை விரித்தபடி சொன்னார்:

"இண்டைக்கு உங்கடை சீலையின்ரை பின்பக்கம் என்ன நிறம் எண்டே எனக்குத் தெரியாது."

ஆட்டோவில் ஏறிவிட்டார். அவருடைய கைலேஞ்சி களிமண் மலையிலேயே இருந்தது. துவைத்து நிலையத்துக்கு அனுப்பி வைத்தேன்.

சில மாதம் கழித்துப் பெறுபேறு வந்தது. கற்பித்தல் பயிற்சியில் எங்கள் அணியிலேயே எனக்குத்தான் கூடிய புள்ளி என்று அதிபர் காலைக் கூட்டத்தில் சொன்னார். தரம் பத்து எனக்கு நிரந்தரமானது. அதற்குப் பிறகு வருடம் தவறாமல் பேசினில் மலை செய்தேன். என்னிடம் அந்தக் கோடுகளைக் கீறியவர்களில் மூன்று பேர் இன்று எங்கள் ஆசிரியர் அறையில் இருக்கிறார்கள். கீதா அதில் ஒருத்தி. கீதா, உனக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கேட்டுவிட்டுக் காத்திரு. கை நடுங்கினால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள். நான் கடைசி வரைக்கும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சான்றிதழ் கையில் கிடைத்த அன்றைக்கு அம்மாவிடம் காட்டிவிட்டு நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். அத்தை வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சுவரில் தலைவரின் படம், மாலை, சின்ன விளக்கு. சான்றிதழைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னேன், "நான் பாஸாயிட்டேன்."

அத்தை என் தோளில் தட்டினார்.

"என்னா புள்ள முணுமுணுக்குற? அந்த மனுசனுக்குக் காது கேக்காதுன்னு தெரியாதா? சத்தமா சொல்லு."

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கதவைப் பார்த்தேன், திறந்திருந்தது. வெளியே லயம் முழுவதும் வேலை முடிந்து வந்திருந்த நேரம். படத்துக்கு நேராக நின்றுகொண்டேன்.

"தலைவரே, நான் பாஸ்" என்று கத்தினேன்.

லயத்தில் ஒரு கதவு பாக்கியில்லாமல் எல்லாம் திறந்தன.